உங்களுக்குத் தெரியுமா? மாட்டும் முன் கனெக்டரைச் சோதியுங்கள்!

★ ஒளியைவிட வேகமாக நியூட்ரினோ பறக்கிறது என்று 2011 செப்டம்பரில் உலகமே பரபரத்தது. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்திலிருந்து புறப்பட்ட துகள்கள், சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த ஓபெரா கருவிக்கு, கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்கு 60 நானோ விநாடி முன்பே வந்துவிட்டதாகப் பதிவானது. ஐன்ஸ்டைனின் கொள்கை ஆட்டம் கண்டுவிட்டதா என்ற விவாதம் மாதக்கணக்கில் நடந்தது. 2012இல் விடை கிடைத்தது. ஜி.பி.எஸ். ரிசீவரிலிருந்து நேரக் குறிப்பைக் கொண்டுவந்த ஃபைபர் கேபிளின் கனெக்டர் முழுதாகத் திருகப்படவில்லை! அந்தத் தளர்வால் குறிப்பு 70 நானோ விநாடிக்கு மேல் பிந்தி வந்தது. அங்கிருந்த கடிகாரம் பின்தங்கியது. துகள்கள் முந்தியதுபோலத் தெரிந்தது. எதிர்த்திசையில் இன்னொரு சிறிய கடிகாரப் பிழையும் இருந்தது என்றாலும், பெரிய பங்கு அந்தக் கனெக்டருடையதே.

அந்த இணைப்பு அறுந்துபோயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வேலை செய்துகொண்டே தவறாக இருந்ததுதான் சிக்கல். பொழுதுபோக்கு வானொலியான ஹாம் ரேடியோவின் நிலையங்களில் பல நாள் தூக்கத்தைக் கெடுப்பதும் இப்படிப்பட்ட அரைகுறை இணைப்புகள்தான்.

★ இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பெல் ஆய்வகத்தின் ஹோம்டெல் கொம்பு ஆண்டெனாவில், ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 4080 மெகாஹெர்ட்ஸில் ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் அது குறையவில்லை. வானத்தைக் காரணம் சொல்வதற்கு முன் தங்கள் கருவியைத்தான் சந்தேகித்தார்கள். உள்ளே கூடுகட்டியிருந்த புறாக்களை அகற்றினார்கள், எச்சத்தைக் கழுவினார்கள், ஆண்டெனாவின் ரிவெட் அடித்த இணைப்புகள்மேல் அலுமினிய டேப் ஒட்டிப் பார்த்தார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது. இணைப்புகள்மேல் பழியில்லை என்று உறுதியான பிறகுதான் அது பிரபஞ்சத்தின் பின்னணிக் கதிர்வீச்சு என்று 1965இல் தெரிந்தது. 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு.

★ அதே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பால் நீல் 1940களில் வடிவமைத்ததுதான் இன்று நாம் 'என்' கனெக்டர் என்று வாங்குவது. அந்த 'என்' அவர் பெயரின் முதல் எழுத்து. பி.என்.சி. என்ற கனெக்டரின் பெயரிலும் அவர் பெயர் இருக்கிறது. கூடவே ஆம்ஃபினால் நிறுவனத்தின் கார்ல் கான்செல்மேன் பெயரும்.

★ ஹாம்களின் அன்றாடத் துணையான பி.எல்.-259 பிளக்கும் எஸ்.ஓ.-239 சாக்கெட்டும் 1930களில் ஆம்ஃபினாலில் பிறந்தவை. கடைகளில் இதை 'யு.எச்.எஃப். கனெக்டர்' என்பார்கள். இந்தப் பெயரை நம்பி 435 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனாவுக்கு வாங்கிவிடாதீர்கள்! அந்தக் காலத்தில் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எதுவானாலும் யு.எச்.எஃப்., அதாவது அதி உயர் அதிர்வெண்தான். இதன் உட்புறம் எல்லா இடத்திலும் 50 ஓம் இம்பீடன்ஸ் தரும்படி அமைந்ததில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 43 மீட்டரை நெருங்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனெக்டர் அங்கே ஒரு பொருட்டே ஆகாது. 435 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 69 சென்டிமீட்டர்தான். அங்கே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கணக்கு உண்டு. என்னைக் கேட்டால், 145 மெகாஹெர்ட்ஸ் வரை பி.எல்.-259 போதும், அதற்கு மேலே 'என்' அல்லது பி.என்.சி.தான்.

★ மல்டிமீட்டர் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் பலரும் அதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 ஓம் என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை. இப்போது, இரண்டு கனெக்டர்களை இணைக்கும் அடாப்டரின் நடுப்பின்னிலிருந்து மறுபக்க நடுப்பின்னுக்கு அளந்தால் அதே அளவுதான் வரவேண்டும். வெளி உடலிலிருந்து மறுபக்க உடலுக்கும் அப்படியே. நடுப்பின்னுக்கும் உடலுக்கும் இடையில் மீட்டரை அதிக ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் எதுவும் காட்டக்கூடாது.

முக்கியமான பகுதி இனிமேல்தான். முனைகளை வைத்தபடியே அடாப்டரை மெல்ல ஆட்டுங்கள், முறுக்குங்கள், பின்னை லேசாக அழுத்துங்கள். எண் துள்ளினால் அந்த அடாப்டர் கெட்டதுதான். கேபிளோடு சேர்ந்த கனெக்டர் என்றால், பிளக்கின் கழுத்தருகே கேபிளை வளைத்துக்கொண்டே அளக்க வேண்டும். முடிந்தால் இரண்டாவது ஆள் ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

★ ஆண்டெனா மாட்டியிருக்கும் கேபிளில் நடுப்பின்னுக்கும் உடலுக்கும் இடையே ஷார்ட் காட்டினால் உடனே கேபிளை அறுக்காதீர்கள். பல ஆண்டெனாக்களின் அடியில் இருக்கும் மேட்சிங் காயில், நேர்மின்சாரத்துக்கு ஷார்ட் போலத்தான் தெரியும். அது வடிவமைப்பிலேயே இருப்பது. இரு முனைகளையும் கழற்றிவிட்டு, கேபிளைத் தனியாக அளந்தால்தான் உண்மை தெரியும்.

★ எல் வடிவ பி.எல். அடாப்டர் ஒன்றை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மலிவான சிலவற்றில் நடுக்கம்பி முழுக் கம்பியாக இருக்காது. மூலையில் ஒரு சின்ன ஸ்பிரிங் இரண்டு பின்களையும் அழுத்திக்கொண்டிருக்கும். மேசையில் மீட்டர் வைத்தால் 'பீப்' என்று சத்தம் வரும். எல்லாம் சரியாகவே தெரியும். 100 வாட் அனுப்பிப் பாருங்கள். 50 ஓம் லைனில் அப்போது 1.4 ஆம்பியர் ஓடுகிறது. அந்த ஸ்பிரிங் தொடும் இடத்தில் 1 ஓம் தடை ஏறியிருந்தாலும் 2 வாட் வெப்பம் ஒரு புள்ளியில் குவியும். ஸ்பிரிங் சூடாகும், தளரும், தடை இன்னும் ஏறும், இன்னும் சூடாகும். கடைசியில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகும். இரண்டு பக்கமும் சாக்கெட் உள்ள பேரல் அடாப்டர்களில் மலிவானவற்றிலும் இதே கதை உண்டு. எல் அடாப்டரைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்; கேபிளையே பெரிய வளைவாக வளைத்துக் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

★ மீட்டர் சொல்லாததைச் சூடு சொல்லிவிடும். அடாப்டரின் மறுமுனையில் ஆண்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு மாட்டி, லோடு தாங்கும் அளவுக்குள் ஒரு நிமிடம் பவர் அனுப்புங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டை நிறுத்திவிட்டு, நின்றதை உறுதி செய்துகொண்டு, அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். டம்மி லோடு சூடாவது இயல்பு. அதிலிருந்து தள்ளி இருக்கும் இணைப்பு மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே தடை இருக்கிறது. டிரான்ஸ்மிட் செய்யும்போது கனெக்டரைத் தொடவோ திருகவோ கூடாது. 100 வாட் என்றாலே 50 ஓம் லைனில் உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட். திரும்பி வரும் அலையைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு கூடினால் அதற்கும் மேலே போகும். ரேடியோ அலை சுட்ட காயம் ஆழமாக இறங்கும், ஆற நாளாகும்.

★ எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.7 காட்டுகிறது, 'பரவாயில்லை' என்கிறீர்கள். ஆனால் மாடியில் ஆண்டெனாவே இல்லாமலும் அந்த மீட்டர் 1.7 காட்டக்கூடும்! ஆர்.ஜி.-58 கேபிள் 30 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அதன் இழப்பு ஏறத்தாழ 6 டெசிபல். அனுப்பியதில் கால் பங்குதான் மேலே போய்ச் சேரும். மேலே கனெக்டர் விட்டுப்போயிருந்தால் அந்தக் கால் பங்கு முழுவதும் திரும்பி வரும். வரும் வழியில் அதிலும் கால் பங்குதான் மிஞ்சும். ஆக, மீட்டருக்குத் தெரிவது 16இல் ஒரு பங்கு. எஸ்.டபிள்யூ.ஆர். கணக்கில் அது 1.7தான். தண்ணீர் புகுந்த கேபிளில் இழப்பு கூடிக்கொண்டே போவதால், மழைக்காலம் முடிந்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். 'முன்னைவிட நன்றாக' ஆகியிருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். மேலே ஏறிக் கனெக்டரைத் திறந்து பாருங்கள்.

★ காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. கனெக்டரின் நடுப்பின் காந்தத்தில் பச்சக்கென்று ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. முலாம் தேய்ந்ததும் துரு வரும். துத்தநாகக் கலவையில் வார்த்த உடலைக் காந்தம் காட்டிக்கொடுக்காது. அதற்கு அரம் வேண்டும். கண்ணில் படாத ஓரத்தில் லேசாகத் தேயுங்கள்: மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். அதன் மரை சீக்கிரம் தேயும், சாலிடரும் சரியாகப் பிடிக்காது.

டிவி கேபிளான ஆர்.ஜி.-6இன் நடுக்கம்பியில் மட்டும் காந்தம் ஒட்டினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது செம்பு பூசிய இரும்புக் கம்பிதான். உயர் அதிர்வெண் மின்சாரம் கம்பியின் மேல்தோலிலேயே ஓடும். 145 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அது இறங்கும் ஆழம் 5.5 மைக்ரோமீட்டர் அளவுதான். அதனால் உள்ளே இரும்பு இருப்பது அலைக்குத் தெரியாது.

★ வெள்ளையாக இருப்பதெல்லாம் டெஃப்லான் ஆகாது. டெஃப்லான் உருக 327 டிகிரி செல்சியஸ் வேண்டும்; சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் அதற்கு வெகு முன்னாலேயே இளகிவிடும். ஒரே இடத்தில் பத்து கனெக்டர் வாங்கினால் ஒன்றைப் பலி கொடுக்கலாம். சாலிடர் அயர்ன் முனையை உட்புற இன்சுலேஷனில் ஒரு கணம் தொடுங்கள். குழி விழுந்தால், நீங்கள் நடுப்பின்னுக்குச் சாலிடர் வைக்கும்போது பின் சாய்ந்துபோகும் என்று அர்த்தம். டெஃப்லானாகவே இருந்தாலும் நீண்ட நேரம் சுட வேண்டாம். அளவுக்கு மீறிச் சூடானால் அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

★ நிக்கல் முலாம் கண்ணுக்குப் பளபளப்பு, சாலிடருக்குப் பகை. பி.எல்.-259இன் உடலில் உள்ள நான்கு துளைகளைச் சுற்றி அரத்தால் தேய்த்து முலாமை நீக்கினால்தான் சாலிடர் ஓடிப் பிடிக்கும். வெள்ளி முலாம் பூசியது கறுத்துப்போகும்; அழகு குறையும், ஆனால் சாலிடர் பிடிப்பில் அதற்கு ஈடில்லை.

★ 50 ஓம், 75 ஓம் என்று 'என்' கனெக்டரில் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மரையும் பொருந்தும். 75 ஓம் வகையின் நடுப்பின் மெலிந்தது. 50 ஓம் பிளக்கின் தடித்த பின்னை 75 ஓம் சாக்கெட்டுக்குள் திருகினால் சாக்கெட்டின் உள்விரல்கள் விரிந்து நாசமாகும். தலைகீழாக மாட்டினால் மெலிந்த பின் சாக்கெட்டில் தொட்டும் தொடாமலும் நிற்கும். பழைய சாமான் கடையில் வாங்கும்போது இது நினைவிருக்கட்டும். பி.என்.சி.யில் இந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை.

★ கனெக்டர் கோளாறு மெட்ராஸ் ஐ போலப் பரவும்! பின் நீண்டுவிட்ட பிளக் ஒன்று, தான் நுழையும் ஒவ்வொரு சாக்கெட்டையும் கெடுக்கும். கெட்ட சாக்கெட் அடுத்து வரும் நல்ல பிளக்கின் பின்னை வளைக்கும். அளவீட்டு ஆய்வகங்களில் இதற்காகவே, மாட்டுவதற்கு முன் பின்னின் ஆழத்தைக் கேஜ் வைத்து அளக்கிறார்கள். நமக்கு ஒரு பூதக்கண்ணாடியும் டார்ச்சும் போதும். சாக்கெட்டின் உள்விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா, ஒன்று மட்டும் விலகி நிற்கிறதா, நடுப்பின் நடுவில்தான் இருக்கிறதா, உலோகத்தூள் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். கண்ணால் பார்க்காமல் எதையும் உங்கள் ரிக்கின் (ரேடியோக் கருவியின்) சாக்கெட்டில் திருகாதீர்கள். அடாப்டர் போனால் இன்னொன்று வாங்கலாம். ரிக்கின் சாக்கெட்டை மாற்ற அதைத் திறந்தாக வேண்டும்.

★ கைக்கருவிகளில் வரும் எஸ்.எம்.ஏ. கனெக்டரின் வழக்கமான ஆயுள் சுமார் 500 முறை மாட்டிக் கழற்றுவது. திருகும்போது நட்டு மட்டும்தான் சுற்ற வேண்டும். உடல் சுற்றினால் பின் தேயும். பித்தளை எஸ்.எம்.ஏ.வுக்கு வழக்கமாகச் சொல்லும் இறுக்கம் 0.56 நியூட்டன் மீட்டர்தான். பிளையர் அதைத் தாண்டிப்போவது கைக்கே தெரியாது.

★ உங்கள் பௌஃபெங் யு.வி.-5ஆர் கைக்கருவியின் உச்சியில் பின் நீட்டிக்கொண்டிருக்கும். வேறு பல கம்பெனிக் கைக்கருவிகளில் அந்த இடத்தில் துளை இருக்கும். ஆகவே ஒன்றின் ஆண்டெனா மற்றதற்குச் சேராது. இதற்கு மேல் ஒரு குழப்பம், வைஃபை ரூட்டர்களில் வரும் ரிவர்ஸ் எஸ்.எம்.ஏ. மரை அதேதான், பின்னும் துளையும் மட்டும் இடம் மாறியவை. சாதாரண ஆண்டெனாக்களை ரூட்டரில் மாட்டிவிடக் கூடாது என்ற அமெரிக்க விதியையொட்டி வந்த ஏற்பாடு இது. அதை நம் எஸ்.எம்.ஏ.வோடு திருகினால் இரண்டு பின்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், அல்லது இரண்டு துளைகள் எதிரெதிரே நின்று, அழகாக இறுகியும், தொடர்பே இருக்காது.

★ கையடக்க அளவீட்டுக் கருவியான நானோ வி.என்.ஏ. 2019 முதல் ஹாம்களின் கைகளில் பரவலாக வந்துவிட்டது. ஓப்பன், ஷார்ட், லோடு என்று காலிப்ரேஷன் முடித்த பின், முதலில் 50 ஓம் லோடை நேராக மாட்டி எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். அடுத்து, சோதிக்க வேண்டிய அடாப்டரை இடையில் சேர்த்து மறுபடி பாருங்கள். நல்ல 'என்' அடாப்டர் என்றால் கோடு நகர்வதே தெரியாது. அதிர்வெண் ஏற ஏறக் கோடும் ஏறினால், அந்த ஏற்றம் எங்கே தொடங்குகிறதோ அதற்குக் கீழேதான் அந்த அடாப்டருக்கு வேலை. அடாப்டரைத் தட்டும்போது கோடு குதிக்கிறதா என்றும் பாருங்கள். வி.என்.ஏ.வின் சாக்கெட்டைக் காப்பாற்ற, ஒரு குட்டி எஸ்.எம்.ஏ. அடாப்டரை அதில் நிரந்தரமாக மாட்டிவைத்து, அதன் முனையில் காலிப்ரேஷன் செய்யுங்கள். தேய்வதெல்லாம் அது தேயட்டும்.

★ பி.எல்.-259இன் முனையில் உள்ள சின்னப் பற்கள், எஸ்.ஓ.-239இன் விளிம்பில் உள்ள வெட்டுகளில் உட்கார வேண்டும். உட்காராமல் இறுக்கினால் சிறிது நேரத்தில் தானே தளரும். எர்த் பக்கம் விட்டு விட்டு வரும். திருகும்போது பிளக்கை லேசாக அசைத்துக்கொண்டே திருகுங்கள். பற்கள் உட்காருவது கைக்குத் தெரியும்.

★ புளித்த வாசனை வரும் சிலிக்கோன் பசையைக் கனெக்டரில் பூசாதீர்கள். அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். செம்பு பச்சை பூக்கும். நியூட்ரல் வகை சிலிக்கோன், அல்லது தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன்மேல் சாதாரண டேப். பி.எல்.-259 தண்ணீர் புகாத கனெக்டர் கிடையாது. நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. அங்கே டேப் சுற்றாத இணைப்பை மொட்டைமாடியில் விடவே கூடாது. கேபிளை வெட்டும்போது பின்னல் கறுத்திருந்தால், பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். வராவிட்டால் கேபிளையே மாற்றுங்கள்.

★ பவர் கேபிளை யாரும் சோதிப்பதில்லை. 100 வாட் ரிக் 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பிளக்கிலும் ஃபியூஸ் ஹோல்டரிலும் சேர்ந்து வெறும் 0.05 ஓம் இருந்தால் 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 20 வாட் வெப்பமாகும். மல்டிமீட்டரின் ஓம் அளவில் 0.05 கண்ணில் படவே படாது. டிரான்ஸ்மிட் செய்துகொண்டே, பேட்டரி முனையிலும் ரிக்கின் பின்பக்கத்திலும் வோல்ட் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள்.

★ வரும் சிக்னலுக்கும் இணைப்பில் இழக்கும் கணக்கு உண்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஹாம்சாட் செயற்கைக்கோள், 435 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145இல் திருப்பிப் பேசியது. 2014வரை உலகெங்கும் ஹாம்கள் அதைப் பயன்படுத்தினார்கள். இத்தகைய மெல்லிய குரலைப் பிடிக்கும்போது, பிரீஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஓர் இணைப்பில் 1 டெசிபல் இழந்தால், பின்னால் எத்தனை ஆம்ப்ளிஃபையர் வைத்தாலும் அதை மீட்க முடியாது.

★ 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து வி.யு.4ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். பொழுதுபோக்குக்காக அமைத்த அந்த நிலையம் ஒரே நாளில் அவசரத் தொடர்பு நிலையமானது. அப்படி ஒரு நாளில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் அடாப்டர் வாங்கிவர முடியாது. அவசரப் பையில் இருக்கும் ஒவ்வொரு அடாப்டரும் முன்பே சோதித்ததாக இருக்க வேண்டும். சோதித்த தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி அதன்மேலேயே ஒட்டிவிடுங்கள்.

★ சோதனையில் தோற்ற அடாப்டரை மறுபடி டப்பாவில் போடாதீர்கள். 'எதற்காவது ஆகும்' என்று வைத்தால், அவசரத்தில் அதுதான் கைக்கு வரும். கட்டிங் பிளையரால் நடுப்பின்னை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்; வேறு யாரும் எடுத்துத் தங்கள் ரிக்கில் மாட்டிவிட வேண்டாம்.